இளநிலை வேதியியலில் தேய்ந்துவரும் செய்முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிக் கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை நடைபெறும் மாதங்களில், எந்தப் பட்டத்திற்கு எந்த வேலை கிடைக்கும் என்று பட்டியலிடும் கட்டுரைகள் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களிலும் வெளிவருகின்றன. பி.எஸ்ஸி. வேதியியல் என்றால் மருந்துத் தொழிற்சாலை, உரத் தொழிற்சாலை, சாய ஆலை, தோல் பதனிடும் ஆலை, ஆசிரியர் பணி என்று அவை அடுக்கிச் செல்கின்றன. ஆனால், அந்த வேலைகளுக்கு உரியவராக ஒரு மாணவரை ஆக்குவதற்கு மூன்று ஆண்டுகளில் கல்லூரி அவருக்கு எதை, எத்தனை மணி நேரம், எப்படிக் கற்பிக்கிறது என்பதை அவற்றுள் ஒன்றும் கேட்பதில்லை. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன், பாடத்திட்டக் குழுவின் கூட்டங்களில் அமர்ந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நம் இளநிலை வேதியியலின் பாடத்தலைப்புகளில் பெரிய குறை எதுவும் இல்லை; அதன் ஆய்வக வகுப்புதான் விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு செய்யும் சடங்காகச் சுருங்கிவிட்டது, பாடத்திட்டத்தைத் திருத்துகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடமும் அதுவே என்பது என் கருத்து.

பெற்றோர்களின் பொருட்டு இப்படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இது மூன்று ஆண்டு, ஆறு பருவப் படிப்பு. முதற்பகுதியில் தமிழோ வேறொரு மொழியோ, இரண்டாம் பகுதியில் ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடங்கள், துணைப்பாடங்கள், விருப்பப் பாடங்கள், நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வியும் மதிப்புக் கல்வியும் திறன் மேம்பாட்டுப் பாடங்களும், ஐந்தாம் பகுதியில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள் என்று ஐந்து பகுதிகள் உண்டு. எல்லாம் சேர்ந்து பொதுவாக 140 கிரெடிட். முதன்மைப் பாடங்களில் கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பிய வேதியியல் ஆகிய மூன்றும் தூண்களாக நிற்க, பகுப்பாய்வு வேதியியல், நிறமாலையியல், பல்லுறுப்பி வேதியியல், உயிர்வேதியியல் முதலியவை கடைசி ஆண்டுகளில் வந்து சேர்கின்றன. இயற்பியலும் கணிதமும், அல்லது கணிதத்திற்குப் பதிலாகத் தாவரவியலோ விலங்கியலோ துணைப்பாடங்களாக அமைகின்றன. அமெரிக்க வேதியியல் கழகம் தன் அங்கீகாரம் பெற்ற பட்டங்களுக்கு வலியுறுத்தும் பகுப்பாய்வு, உயிர்வேதியியல், கனிமம், கரிமம், இயற்பியம் என்ற ஐந்து துறைகளோடு நம் பட்டியலை ஒப்பிட்டால், உயிர்வேதியியல் மட்டும் நம்மிடம் சற்று மெலிந்து விருப்பப் பாடமாக நிற்கிறது என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு தெரியாது.

மணிக்கணக்கிலும் நாம் காகிதத்தில் அவ்வளவு பின்தங்கியிருக்கவில்லை. அந்தக் கழகம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், அறிமுக நிலை ஆய்வகத்தை விலக்கிவிட்டு, மாணவர் ஒருவர் குறைந்தது 400 மணி நேரம் ஆய்வகத்தில் பணியாற்றியிருக்க வேண்டும் என்று கூறியிருந்தது. நம் கல்லூரிகளில் பருவத்திற்கு 90 வேலைநாள். ஆறு நாள் சுழற்சியில் அது 15 சுற்று. முதல் நான்கு பருவங்களில் சுற்றுக்கு மூன்று மணி நேரமும், கடைசி இரண்டு பருவங்களில் ஆறு மணி நேரமும் முதன்மைப் பாடச் செய்முறைக்கு ஒதுக்கும் ஒரு கால அட்டவணையை எடுத்துக்கொண்டால் மொத்தம் 360 மணி நேரம் வருகிறது. அவர்கள் விலக்கிவிட்ட அறிமுக நிலையும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும் இது வெட்கப்பட வேண்டிய எண் அன்று.

வெட்கப்பட வேண்டியது, அந்த 360 மணி நேரத்தில் மாணவரின் கையில் பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) இருக்கும் நேரம் எவ்வளவு என்பதைப் பற்றித்தான். கல்லூரி அட்டவணையில் ஒரு மணி நேரம் என்பது ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம். வருகைப்பதிவு, கருவி வழங்குதல், கரைசல் பங்கிடுதல், முந்தைய வாரத்து ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வாங்குதல் ஆகியவற்றில் முதல் மணி போய்விடுகிறது. சேர்க்கை இடங்களைக் கூட்டும் ஆணைகள் வரும்போது ஆய்வகத்தின் மேசைகளும் தண்ணீர்க் குழாய்களும் கூடுவதில்லை. ஆகவே ஒரே மேசையில் இருவர், மூவர் சேர்ந்து ஒரு சோதனையைச் செய்ய, ஒருவர் தரம்பார்க்க (செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து மற்றொன்றின் அளவை அறிய), மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளரின் இடம் நிரப்பப்படாத கல்லூரிகளில் கரைசல் தயாரிக்கும் வேலையும் ஆசிரியரின் தலையிலேயே விழுகிறது. அந்த ஆசிரியரும் பல இடங்களில் ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார். மாதிரித் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும் நாள்களையும் கழித்தால் மிஞ்சுவதை நான் எண்ணாகச் சொல்ல விரும்பவில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனக்குத் தானே நேர்மையாக எண்ணிப் பார்க்கட்டும்.

நேரக்குறையைவிட எனக்குக் கவலை தருவது அந்த நேரத்தில் நடப்பது. கரைசலின் பருமனை அளந்து அதிலுள்ள பொருளின் நிறையை அறியும் பருமனறி பகுப்பாய்வை எடுத்துக்கொள்வோம். பல பல்கலைக்கழகங்களின் மதிப்பீட்டு முறையில், மாணவர் கண்டறிந்த நிறை உண்மையான நிறையிலிருந்து 2 சதவீதத்திற்குள் இருந்தால் முழு மதிப்பெண். பிழை கூடக்கூட மதிப்பெண் படிப்படியாகக் குறையும். கேட்பதற்கு நியாயமான முறைதான். ஆனால் பலன் என்ன? உண்மையான நிறை என்னவென்று அறிவதிலேயே மாணவரின் அறிவெல்லாம் செலவாகிறது. பக்கத்து மேசையின் அளவீட்டைக் கேட்டுக்கொண்டு, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பியூரெட் அளவீட்டை எழுதுகிறார்கள். விடைத்தாளைத் திறந்தால் மூன்று முறையும் ஒரே எண். அதுவும் ஒரு தசம இடத்தோடு நிற்கும். பியூரெட்டின் இரு கோடுகளுக்கு நடுவே நீர்மட்டம் நிற்கும்போது கண்ணால் மதிப்பிட்டு இரண்டாம் தசமத்தையும் எழுத வேண்டும் என்ற முதற்பாடமே அங்கு நடக்கவில்லை என்பதற்கு அந்த மூன்று எண்களே சாட்சி. வினைவேகச் சோதனையில் நேர்கோட்டை முதலில் வரைந்துவிட்டுப் புள்ளிகளை அதன்மேல் வைக்கும் வழக்கத்தையும் புறத்தேர்வாளராகப் போன கல்லூரிகளில் கண்டிருக்கிறேன்.

இதை மாணவர்களின் நேர்மைக் குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தரும் தேர்வு, தவறான விடைக்கு நேர்மையான காரணம் எழுதியவரைத் தண்டிக்கிறது. இளைஞர்கள் அதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் பட்டம் பெற்றுப் போகும் இடமோ நேர்மாறானது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்திய மருந்து நிறுவனங்கள் பலவற்றுக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களில் திரும்பத் திரும்பச் சுட்டப்படும் குறைகளில் ஒன்று, ஆய்வகத் தரவுகளின் நம்பகத்தன்மை. பிடிக்காத முடிவை விட்டுவிட்டு மீண்டும் சோதித்துப் பிடித்த முடிவை மட்டும் பதிவது, எடைபோட்ட நேரத்தில் எழுதாமல் பிறகு எழுதுவது, நாள் குறிக்காமல் விடுவது ஆகியவை அங்கே ஏற்றுமதியையே நிறுத்திவிடக்கூடிய குற்றங்கள். மூன்று ஆண்டுகள் நம் ஆய்வகத்தில் நாமே அனுமதித்த பழக்கத்தை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்தில் விட்டொழிக்க வேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்ப்பது எவ்விதத்தில் நியாயம்?

ஒரு பொருளில் என்னென்ன இருக்கின்றன என்று கண்டறியும் பண்பறி பகுப்பாய்வின் நிலை இன்னும் வேடிக்கையானது. கொடுக்கப்பட்ட உப்பில் உள்ள அமில, கார உறுப்புகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தறியும் முறையை, ஃபிரெசீனியஸ் என்னும் ஜெர்மானிய வேதியியலர் 1840-களில் ஒழுங்குபடுத்தினார். அதன் வழிவந்த வடிவமே இன்றும் நம் பல கல்லூரிகளில் ஒரு பருவத்தையோ இரண்டு பருவங்களையோ ஆக்கிரமித்திருக்கிறது. கரைதிறன் பெருக்கம், பொது அயனி விளைவு, அணைவுச் சேர்மம் ஆகிய மூன்றையும் ஒரு சோதனைக் குழாய்க்குள் கண்ணால் காட்டும் அழகான பயிற்சி அது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆகவே அதை அடியோடு நீக்கச் சொல்லும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் ஆக்சலேட்டும் ஃபுளூரைடும் போரேட்டும் பாஸ்பேட்டும் குறுக்கிடும்போது அவற்றை எப்படி நீக்குவது என்று மனப்பாடம் செய்வதிலும், புகைபோக்கி அறை வேலை செய்யாத ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடைச் சுவாசித்துக்கொண்டு இரண்டாம் தொகுதியைத் தேடுவதிலும் அத்தனை வாரங்களைச் செலவிட இனித் தேவையில்லை. கரிமப் பகுப்பாய்விலோ வாதுமை மணம் வந்தால் பென்சால்டிஹைடு என்று மூக்கே விடையைச் சொல்லிவிடுகிறது. சேர்மத்தில் உள்ள தனிமங்களைக் கண்டறியும் லாசைன் சோதனை முதலியவை அதற்குப் பிறகு எழுதப்படும் அலங்காரம். ஆண்டுக்காண்டு அதே பத்துப் பதினைந்து சேர்மங்கள் அலமாரியிலிருந்து இறங்குவதே இதற்குக் காரணம்.

பியூரெட் பழங்காலக் கருவி, இனி எல்லாம் இயந்திரம் என்று சொல்லும் மற்றொரு தரப்பையும் நான் ஏற்கவில்லை. நாட்டில் மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் இந்தியன் பார்மகோபியாவில், ஆஸ்பிரினைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்கவைத்து எஞ்சிய காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும் முறை இடம்பெற்றிருக்கிறது. நாம் இரண்டாமாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் வேதியியலுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, மூட்டையில் வந்த ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டை ஆசிரியர் கரைத்துக் கொடுக்க, அதை மாணவர் பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்து, ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் பயிற்சியோடு ஏன் நின்றுவிட வேண்டும்? அடிப்படை கைவந்தபின், மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைப் பொடித்து, அதன் அட்டையில் அச்சிட்ட அளவு உள்ளே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், அந்த விடை ஆசிரியருக்கும் தெரியாது. பக்கத்து மேசைக்கும் தெரியாது. மாத்திரையில் உள்ள பிற பொருள்கள் குறுக்கிடுமா, ஒரு மாத்திரையை எடுப்பதா இருபதைப் பொடித்துக் கலந்து ஒரு பங்கை எடுப்பதா என்ற கேள்விகள் தாமாகவே எழும். வேதியியலர் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்விகள் அவை.

தண்ணீர் இதைவிட எளிய வாய்ப்பு. நீரின் கடினத்தன்மையை இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு தரம்பார்த்து அறிவது எல்லாப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், அதாவது 2012-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. ஃபுளூரைடுக்கு இவ்வெல்லைகள் முறையே 1 மில்லிகிராமும் 1.5 மில்லிகிராமும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும், பற்களிலும் எலும்புகளிலும் அது விளைவிக்கும் கேடும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. அம்மாவட்டக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் தத்தம் ஊர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் குழாயிலிருந்தும் ஒரு பாட்டில் நீர் கொண்டுவந்தால், ஒரே வகுப்பில் நாற்பது ஊர்களின் நீர் மேசைக்கு வந்துவிடும். கோடையிலும் மழைக்காலத்திலும் ஒருமுறை செய்து, எண்களை ஆண்டுதோறும் துறையில் பாதுகாத்துவைத்தால், ஐந்தாண்டில் அந்த வட்டாரத்துக்கு ஒரு நீர்க்கணக்கே கிடைக்கும். கடற்கரை மாவட்டங்களில் கிணறு உவர்ப்பாவதைக் குளோரைடு அளவைக் கொண்டு தொடரலாம்; சில்வர் நைட்ரேட் விலை கூடுதல் என்பார்கள், நுண்ணளவு முறையில் செய்தால் அந்தச் செலவும் அடங்கும். இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ வெளிநாட்டுக் கருவியோ வேண்டாம். வினாத்தாளையும் மதிப்பீட்டு முறையையும் மாற்ற வேண்டும், அவ்வளவே.

அந்த மதிப்பீட்டில் கணிதம் வந்து சேர்கிறது. துணைப்பாடக் கணிதத்தை முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ கணிதத்துறை கற்பிக்கிறது. அணிகள், சமன்பாட்டியல், ஃபூரியே தொடர், லாப்லாஸ் மாற்றம் என்று அது தன்போக்கில் செல்கிறது. எங்கள் துறை மாணவருக்கு ஆய்வகத்தில் அன்றாடம் வேண்டிய திட்டவிலக்கம், பொருளுறு இலக்கங்கள், குறைந்த வர்க்க முறையில் நேர்கோடு பொருத்துதல், அளவீட்டுப் பிழை ஒன்றோடொன்று சேர்ந்து விடையில் எப்படிப் பெருகுகிறது என்ற கணக்கு ஆகியவை பெரும்பாலும் அங்கு வருவதில்லை. வந்தாலும் பகுப்பாய்வு வேதியியல் தாளில் ஓர் அலகாகத் தலைகாட்டி, ஐந்து மதிப்பெண் வினாவாக மறைந்துவிடும். மறுபுறம், வெப்ப இயக்கவியலில் மேக்ஸ்வெல் தொடர்புகளை எழுதப் பகுதி வகைக்கெழு வேண்டும். குவாண்டம் வேதியியலில் பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்க வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். கணிதம் எடுக்காமல் பிளஸ் டூ முடித்து, துணைப்பாடமாகவும் தாவரவியலைத் தேர்ந்த மாணவர், ஐந்தாம் பருவத்தில் அந்தச் சமன்பாட்டை ஒரு படத்தைப்போல மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்வார்? ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர்க்கைக்காக நடத்தப்படும் ஜாம் தேர்வின் வேதியியல் பாடத்திட்டத்தில் அடிப்படைக் கணிதம் ஒரு பகுதியாகவே இடம்பெற்றிருக்கிறது என்பதையும் பலர் மூன்றாம் ஆண்டில்தான் அறிகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள், வேதியியலுக்கான கணிதம் என்ற ஒரு தாளை முதலிரண்டு பருவங்களுக்குள் எல்லா வேதியியல் மாணவருக்கும் கட்டாயமாக்கி, அதன் கணக்குகளை அந்த மாணவர்களே ஆய்வகத்தில் எடுத்த எண்களைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்பது. பெட்டிக்குள் துகள் என்ற அதே பாடத்தை, நீண்ட இணைப்பிரட்டைப் பிணைப்புத் தொடர் கொண்ட சயனின் வகைச் சாயங்களின் நிறத்தோடு பொருத்திக் காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. தொடர் நீள நீளச் சாயம் உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் கூடுவதை நிறமாலைமானியில் அளந்து, சமன்பாடு சொல்லும் எண்ணோடு ஒப்பிடலாம். சாயத் தொழிலால் வாழும் திருப்பூருக்கு அருகே படிக்கும் மாணவருக்கு அந்தச் சமன்பாட்டை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி ஒவ்வொரு கல்லூரிக்கும் வாங்கித்தர இயலாது. வாங்கினாலும் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அது துணி போர்த்திய சிலையாகிவிடும். மாவட்டத்துக்கு ஒரு மையக் கல்லூரியில் வைத்து, சுற்றியுள்ள கல்லூரிகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளியார் அனுப்பும் மாதிரிகளையும் கட்டணம் பெற்று ஆய்ந்து தருகிறது. மாணவர்கள் தாங்களே தயாரித்த அசிட்டனிலைடையோ ஆஸ்பிரினையோ அங்கு அனுப்பி நிறமாலை பெற்றால், கரும்பலகையில் வரைந்த நிறமாலைக்கும் உண்மையானதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். அதற்கும் பணமில்லை என்றால், ஜப்பானிய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்று எஸ்.டி.பி.எஸ். என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கரிமச் சேர்மங்களின் நிறமாலைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றை வகுப்பில் பயன்படுத்த எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஆய்வகத்தின் கழிவு பற்றி ஒரு சொல். பசுமை வேதியியலின் பன்னிரண்டு கோட்பாடுகளை அனஸ்டாஸ், வார்னர் ஆகிய இருவர் 1998-இல் வகுத்தளித்தார்கள். அவற்றை வரிசை மாறாமல் எழுதினால் நம் தேர்வில் முழு மதிப்பெண் உண்டு. அந்தப் பன்னிரண்டையும் படித்த அன்று பிற்பகலே மாணவர் டைகுரோமேட் கரைசலையும் எடையறி பகுப்பாய்வில் எஞ்சிய லெட் குரோமேட்டையும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுகிறார். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பைச் சுற்றுச்சூழல் கல்வி வகுப்பில் சொல்லித்தரும் நாம், ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவைப் பற்றிக் கவலையோடு பேசும் நாம், நம் சொந்தத் தொட்டியின் குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. டைகுரோமேட்டில் உள்ள நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்கி, காரமூட்டி வீழ்படிவாக்கிச் சேமிப்பது இரண்டாமாண்டு வேதியியல்தான். அதையே மதிப்பெண்ணுக்குரிய ஒரு சோதனையாக வைக்கலாம். கார்பன் டெட்ராகுளோரைடும் பென்சீனும் இன்னும் சில செய்முறைப் பட்டியல்களில் நீடிப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

புதிய திறன் பாடங்களுக்கு நான் எதிரி அல்லன். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாகக் கணினிப் பயிற்சியும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் பெற்றுப் பயனடைந்த மாணவர்கள் இருக்கிறார்கள். மொழிப்பாடங்களின் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். கண்டதைத் தெளிவாக எழுதத் தெரியாதவர் ஆய்வறிக்கை எழுத முடியாது. ஆனால் வாரத்துக்கு 30 மணி நேரம் என்ற எல்லை மாறாமல் புதிய பாடம் ஒன்று உள்ளே வரும்போது ஏதேனும் ஒன்று வெளியே போயாக வேண்டும். அப்படிப் போவது பெரும்பாலும் கேட்பாரற்ற ஆய்வக மணியாகவே இருக்கிறது. ஏனென்றால் ஒரு மணி நேரச் செய்முறைக்கு ஒரு மணி நேர விரிவுரையைவிடக் குறைந்த கிரெடிட் தரும் கணக்குமுறை நம்மிடம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பட்ட வரைவில் ஆராய்ச்சிக்கென நான்காம் ஆண்டு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மூன்று ஆண்டிலேயே நிற்கும் நம் முறையில் அந்த வாய்ப்பு இல்லாதபோது, இருக்கும் ஆறு பருவங்களின் ஆய்வக நேரம் இன்னும் அருமையானதாகிறது. ஆறாம் பருவத்தில் குழுத் திட்டப்பணி என்ற பெயரில் கணினி மையங்களில் விலைக்கு வாங்கிக் கட்டிக்கொடுக்கப்படும் ஏடுகளை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தையும் மேலே சொன்ன நீர், மருந்து, உணவுப்பொருள் ஆய்வுகளுக்கே கொடுத்துவிடலாம்.

பாடத்திட்டக் குழுக்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் நான் முன்வைப்பவை இவை. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் பாதியையேனும் விடை சரியா என்பதற்காக அல்லாமல், அளவீடு அந்தந்த நேரத்தில் பதியப்பட்டதா, பிழை மதிப்பிடப்பட்டதா, பொருந்தாத எண்ணுக்கு மாணவர் என்ன காரணம் காட்டுகிறார் என்பவற்றுக்காகத் தர வேண்டும். சோதனை நடக்கும்போதே பேனாவால் எழுதப்பட்டு, அன்றே ஆசிரியர் கையொப்பமிட்ட அப்சர்வேஷன் நோட்டையே தேர்வாளர் பார்க்க வேண்டும். வீட்டில் அமர்ந்து வண்ணப் பேனாவால் படியெடுக்கும் ரெக்கார்டு நோட்டை நீக்கிவிடலாம், அதை எழுதும் நேரத்தில் மாணவர் ஒரு பாடநூலைப் படிக்கலாம். பண்பறி பகுப்பாய்வு ஒரே பருவத்துக்குள் அடங்கட்டும். ஒரு பருவத்தின் சோதனைகளில் மூன்றில் ஒன்றேனும் விடை யாருக்கும் தெரியாத மாதிரியைக் கொண்டதாக இருக்கட்டும். சேர்க்கை இடங்களைக் கூட்டும் அரசாணைகள் வெளியாகும்போது, ஆய்வக உதவியாளர் பணியிடமும் ஆய்வக மேசைகளின் எண்ணிக்கையும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும்.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பம் வாங்கப் போகும் நாளில் வேலைவாய்ப்பு முகாமில் எத்தனை பேர் தேர்வானார்கள் என்ற தட்டியைப் படித்ததோடு திரும்பிவிடாமல், வேதியியல் துறையின் ஆய்வகத்தை ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். மின்னணுத் தராசுகள் எத்தனை, அவற்றுள் ஓடுபவை எத்தனை, புகைபோக்கி அறையின் விசிறியைப் போட்டால் சுற்றுகிறதா, கண் கழுவும் குழாய் இருக்கிறதா, ஒரு மேசைக்கு எத்தனை மாணவர், கடந்த பருவத்தில் எத்தனை செய்முறை வகுப்புகள் உண்மையில் நடந்தன என்று கேளுங்கள். இந்த விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிட வேண்டும் என்று உயர்கல்வித் துறை ஓர் சுற்றறிக்கை அனுப்பினால், அதற்கு அரசுக்கு ஆகும் செலவு ஒரு தபால்தலை அளவுகூட இராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் இணைப் பேராசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.